பை மாற்றிய பதினைந்து நாள்

எனக்குக் கல்யாணம் ஆனது நாற்பத்திரண்டாவது வயதில், இரண்டு சுகர் கிளைடர்களின் புண்ணியத்தில். நான் வேலை பார்க்கிற மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் யாரும் இதை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

சுகர் கிளைடர் என்றால் என்ன என்று கேட்காத ஆள் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பிராணி. அணிலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு முகம். நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரு கறுப்புக் கோடு. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கும்; அதை விரித்துக்கொண்டு அலமாரி உச்சியிலிருந்து ஜன்னல் திரைக்கு மிதந்து வரும். பகலெல்லாம் துணிப்பைக்குள் தூக்கம், பொழுது சாய்ந்தால் ஆட்டம். தனியாக மட்டும் இருக்காது. கூட்டமாகவே தூங்கிப் பழகிய இனம்.

என்னிடம் இருந்தவை இரண்டு. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஆணுக்குப் பித்தான் என்றும் பெண்ணுக்கு ஊசி என்றும் பெயர் வைத்தேன். துணியோடு இருபது வருஷம் மாரடித்தவளுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? இரண்டும் ஒன்றாகவே வந்தவை, ஒரே பையில் சுருண்டு தூங்குபவை. புதிதாக ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துவைக்கிற தொல்லை எனக்கு வந்ததே இல்லை. அதில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பித்தானுக்கு நகம் வெட்ட விலங்கு மருத்துவரிடம் போயிருந்த ஒரு நாள், பெஞ்சில் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர், நகக்கண்ணில் கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வயதுப் பெண். கழுத்தில் ஒரு நீலப் பை தொங்கியது, அதன் வாயிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"இதுக்குப் பேரு டீச்சர்," என்றாள் கேட்காமலே. "கூட இருந்தது பியூன். இது எங்க போனாலும் பின்னாடியே போகும். போன மாசம் செத்துப்போச்சு."

"சாப்பிடுதா?"

"நான் விரல்ல தேன் வச்சா நக்கும். தானா சாப்பிடாது. வால் முடியை அதுவே பிடுங்கிக்குது, பாருங்க."

பார்த்தேன். பாதி வால் மொட்டை. மருத்துவர், டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், எங்கள் எதிரிலேயே சொன்னார்: "இது தனியா இருந்தா ரொம்ப நாள் தாங்காது. அடுத்து வாலையே கடிக்கும். துணை வேணும்." அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

"அப்பா, இவங்ககிட்ட ரெண்டு இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என்றால் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்; இவர்கள் நேராகக் கூண்டுக்குப் போனார்கள். இரண்டையும் கொடுத்துவிட முடியுமா என்று மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆறு வருஷமாக வளர்க்கிறேன், கொடுக்க மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் அப்படி. சலவைக்கூடத்தில் எனக்கு வெள்ளாவி என்றுதான் பெயர். எப்போதும் கொதித்துக்கொண்டிருப்பேனாம்.

அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்போ நீங்களும் கூட வந்திடுங்க."

மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நான் சிரித்தேன். சிரித்தது போதாதென்று, மூன்று மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அவளுக்கு வீட்டுப் பெயர் கடுகு. ஆள் சின்னதாக இருப்பாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள், ஆனால் இந்தக் கடுகிடம் காரத்தை நான் பார்க்கவே இல்லை. அவளுடைய அம்மா நான்கு வருஷத்துக்கு முன் இவர்களை விட்டுப் போய், வேறு ஊரில் வேறு குடும்பமாக நன்றாகவே இருக்கிறாள். மாதம் ஒரு ஃபோன் வரும். கடுகு அதைப் பால்கனியில் நின்று பேசுவாள், உள்ளே வந்து "அம்மா நல்லா இருக்காங்க" என்று பொதுவாக அறிவிப்பாள், போய்ப் படிப்பாள்.

என்னைச் சித்தி என்று கூப்பிட யாரும் சொல்லித்தரவில்லை, முதல் நாளே கூப்பிட்டாள். சமையலில் உப்பு தூக்கலாக இருந்தாலும் தட்டைக் காலி செய்வாள். திறந்து கிடக்கிற சமையலறைக்குள் வரும்போதும் கதவை விரலால் தட்டிவிட்டு வருவாள். என்ன வளர்ப்பு என்று சலவைக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒன்று தெரியும். அந்த வீட்டில் வரவேற்பு எனக்கல்ல, என் கூண்டுக்கு. டீச்சருக்குத் துணை அமைந்து அது பிழைத்துவிட்டால் நானும் அந்த வீட்டில் ஒட்டிக்கொள்வேன். அது போய்விட்டால் நான் அங்கே யார்? இந்தப் பயம் எனக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. டீச்சரின் கூண்டு கடுகின் அறையில். என்னுடைய இரண்டும் எங்கள் அறையில். நோய் ஏதும் இருந்தால் தொற்றாமல் இருக்க ஒரு மாதம் இப்படித் தனித்தனியாக வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அது முடிந்ததும் அடுத்து என்ன செய்வது என்று கேட்கக் கடுகும் அவள் அப்பாவும் போனார்கள். எனக்கு அன்று வேலை. அவர் சலவைக்கூடத்துக்கு ஃபோன் செய்தார்.

"டாக்டரம்மா பையை மாத்தச் சொன்னாங்க."

"எந்தப் பையை?"

"தூங்குற பையைத்தான். தினமும் மாத்தணுமாம். டீச்சர் பையை உன்னுதுங்களுக்கு, உன்னுதுங்க பையை டீச்சருக்கு. பதினஞ்சு நாள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பாத்ரூம்ல விட்டு அறிமுகம் பண்ணணுமாம்."

"பாத்ரூம்லயா?"

"அது யாரோட இடமும் இல்லையாம், அதனால சண்டை வராதாம். சரி, வச்சிடறேன், ஏழாவது மாடியில ஒரு ஆள் மாட்டிக்கிட்டு கத்துறான்."

அவ்வளவுதான் பேச்சு. இதைத் துல்லியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பலமுறை இதை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, காரணம் அதற்கான விடை எனக்குத் தெரிந்ததுபோலவே இருந்தது.

எங்கள் சலவைக்கூடத்துக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். இயந்திரங்கள் சுவரிலேயே பதிந்திருக்கும். இந்தப் பக்கக் கதவு வழியாக அழுக்குத் துணி போகும், அந்தப் பக்கக் கதவு வழியாகச் சுத்தத் துணி வரும். அழுக்குப் பக்கம் நிற்கிறவள் மேலங்கி மாற்றாமல், கை கழுவாமல் சுத்தப் பக்கம் போனால் வேலை போய்விடும். போக வைத்திருக்கிறேன், இரண்டு பேரை. ஒரு கட்டில் விரிப்பு இன்னொரு கட்டிலுக்குப் போகலாம், தினமும் போகும், ஆனால் நடுவில் எழுபது டிகிரி வெந்நீரைத் தாண்டாமல் போகாது. வேலைக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் முதல் வாக்கியமே அதுதான். மூட்டையைப் பிரிக்கும்போது வருகிற வாசனையை வைத்தே அது பிரசவ வார்டா, எலும்பு வார்டா, குழந்தைகள் வார்டா என்று சொல்லிவிடுவேன். அந்த வாசனையை அடையாளம் தெரியாமல் ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆகவே பையை நான் மாற்றினேன். கடுகு செய்கிறேன் என்றாள். "நீ படி, இது என் தொழில்," என்றேன். எனக்கு அந்த வீட்டில் ஏதாவது ஒரு வேலை முழுசாக என்னுடையதாக வேண்டியிருந்தது. நீலத்தில் இரண்டு பை, மஞ்சளில் இரண்டு பை. தினமும் பொழுது சாய்ந்து அவை எழுந்து வெளியே வந்ததும் படுத்திருந்த பைகளை எடுப்பேன். முந்தின நாள் துவைத்து வைத்த பைகளை மாற்றித் தொங்கவிடுவேன்; ஒரு நாள் நீலம் என் கூண்டுக்கு, மஞ்சள் டீச்சருக்கு, மறுநாள் அதையே திருப்பி. எடுத்த பைகளை வெந்நீரில் போட்டு, கிருமிநாசினி விட்டு, மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் காயவைத்து, தையல் ஓரம் நீவி, மடித்து வைப்பேன். விரல் நுனி வெந்து தோல் உரிந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஒரு குழந்தைக்குச் செய்கிற மாதிரி செய்தேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

பதினைந்து நாளும் டீச்சர் ஒவ்வொரு புதுப் பைக்குள்ளும் நுழைந்து, உடனே வெளியே வந்து, கூண்டின் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கடுகு அதைத் தன் கழுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். "பழக நாளாகும்," என்பேன் நான், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. கடுகு தலையை ஆட்டுவாள். என்னவோ சொல்ல வந்தவள்போல் ஒருமுறை என் பின்னாலேயே பால்கனி வரை வந்தாள். கொடியில் பைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "என்னடா?" என்றேன். "ரொம்ப வெள்ளையா இருக்கு சித்தி," என்றாள். நீலப் பையைப் பார்த்து வெள்ளை என்கிறாளே என்று சிரித்தேன். துணி சுத்தமாக இருப்பதைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம் பாத்ரூமைக் காயத் துடைத்தோம். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்தோம், வாளிகளை வெளியே எடுத்தோம். கடுகும் நானும் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மடியில் பெரிய துண்டு, கையில் தேன் தடவிய பழத் துண்டுகள். அவர் கதவுக்கு வெளியே நின்றார். "எல்லாம் ஓகேவா?" என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டார், லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்கிற அதே குரலில்.

முதலில் டீச்சரை விட்டோம். சுவரோரமாக நடந்தது, கடுகின் முழங்காலில் ஏறி இறங்கியது. பிறகு என் கூடையைத் திறந்தேன். ஊசி முதலில் வந்தது. டீச்சரின் அருகில் போய், மூக்கை நீட்டி, அப்படியே விறைத்து நின்றது. பயந்தால் இவை ஒரு சத்தம் போடும், பழைய இயந்திரத்தில் பெல்ட் தேய்கிற மாதிரிக் கரகரவென்று. மூன்றும் சேர்ந்து அந்தச் சத்தத்தைப் போட்டன. ஓடு பதித்த அறையில் அது காதைத் துளைத்தது.

"சித்தி, எடுத்துடலாமா?" என்றாள் கடுகு, மெதுவாக.

"இரு, கொஞ்ச நேரம் கத்திட்டு அடங்கும்."

பித்தான் கூடையிலிருந்து பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது மூன்றும் ஒரே உருண்டையாகத் தரையில் உருண்டுகொண்டிருந்தன. எது எதன் கால் என்று தெரியவில்லை. துண்டை வீசினேன், தவறிப்போனது. கையை விட்டேன், என் கட்டைவிரலைப் பித்தான் எலும்பு வரை கடித்தது. ஆறு வருஷமாக என் கையில் சாப்பிட்டது. கடுகு கத்தவில்லை. இரண்டு கையாலும் அந்த உருண்டைக்குள் புகுந்து டீச்சரை உருவி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய சட்டையில் ரத்தம் படர்ந்தது. அது யாருடைய ரத்தம் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

டாக்டரம்மா கடையைச் சாத்தும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கழுத்தோரம் ஒரு கிழிசல், மிதக்கிற தோலில் ஒரு கிழிசல். நூறு கிராம் எடை உள்ள உயிருக்கு ஒரு தேக்கரண்டி ரத்தமே பெரிய சேதம் என்றார். மயக்க மருந்து கொடுத்துத் தைத்தார். கடுகையும் அவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என் கட்டைவிரலுக்குக் கட்டுப் போடுவதற்காக நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

"பையை மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் தவறல டாக்டர். பதினஞ்சு நாளும் நானே மாத்துனேன். தினமும் வெந்நீர்ல துவைச்சு, மருந்து போட்டு அலசி, வெயில்ல..."

கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "துவைச்சீங்களா?"

"துவைக்காம எப்படி இன்னொரு கூண்டுல போடறது?"

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அம்மா, இதுங்களுக்கு யார் என்னன்னு தெரியுறதே மூக்காலதான். இது படுத்த பையில அது படுத்தா, அந்த வாசனை பழகும். பழகினா நேர்ல பார்க்கும்போது, அட, நம்ம ஆளுன்னு விட்டுடும். அதுக்குத்தான் மாத்தச் சொல்றது. நீங்க பதினஞ்சு நாளும் வெறும் துணியை மாத்தியிருக்கீங்க."

வெறும் துணி. வெந்து உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடை நிறைய அறிமுகக் கடிதங்களை வாங்கி ஒவ்வொன்றாக எழுத்துப் போகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்; அது போதவில்லை.

"வெளிய அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லாதீங்க டாக்டர்," என்றேன். இருபது வருஷமாக எவள் தப்பு செய்தாலும் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டவள் நான். அன்றைக்கு அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது.

தையலைப் பிடுங்காமல் இருக்கப் பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி ஒரு கழுத்துப் பட்டை செய்து கொடுத்தார் டாக்டரம்மா. யாருடைய மார்பு எலும்போ அதில் மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் அதை மாட்டிக்கொண்டு மூன்று நாள் இருந்தது. கடுகு பள்ளிக்கூடம் போகவில்லை. சொட்டு மருந்துக் குழாயால் மணிக்கு ஒருமுறை தேன் தண்ணீர் கொடுத்தாள், மூக்கைத் துடைத்தாள். நான் லீவு போடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் சித்தி, நீங்க வேலைக்குப் போங்க. கைல வேற அடி. நான் பார்த்துக்கறேன்."

போனேன். வேறென்ன செய்யட்டும்? மெஷின் முன்னால் நின்று விரிப்புகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதனால் டீச்சருக்குத் துணை வராது. வேறு துணை தேடலாமா என்றால் இருக்கிற காயத்தோடு முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கடுகு எதிரில் வந்து நின்றாள். கழுத்துப் பையைக் கையால் தாங்கியிருந்தாள்.

"டீச்சர் குளிர்ந்துபோச்சு சித்தி. அரை மணி நேரமாச்சு. நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

பால்கனியில் செடி பட்டுப்போன பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் கிளறினார். கடுகு பையோடு சேர்த்து வைக்கச் சொன்னாள். மண்ணைப் போட்டு மூடினோம். அவர் மகளின் தலையில் கை வைத்தார். அவள் அழுதாள், ஆனால் சத்தமில்லாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல். பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி பித்தானும் ஊசியும் கூண்டில் குதிக்கிற சத்தம் கேட்டால் போர்வையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டேன். என் வாயால்தான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை என்று தெரிந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் ஏதோ கட்டடத்தில் கேபிள் மாற்றப் போயிருந்தார். கடுகு சமையலறை வாசலில் வழக்கம்போல் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். இரண்டு டம்ளர்களில் பாலை ஊற்றி ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

"கடுகு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டீச்சர் செத்தது என்னாலதான். அந்தப் பைங்களை நான் துவைச்சிருக்கக் கூடாது. வாசனை போயிடுச்சு. அதனாலதான் அதுங்களுக்கு அடையாளம் தெரியல. எனக்கு இது தெரியாது. தெரிஞ்சப்புறமும் உன்கிட்ட மறைச்சேன்."

அவள் டம்ளரைப் பார்த்தாள். பாலாடையை விரலால் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"தெரியும் சித்தி."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"இல்ல. மொதல்ல பையை மாத்தணும்னு சொன்னப்போவே எதுக்குன்னு சொன்னாங்க. நானும் அப்பாவும் கேட்டோம். மூணாம் நாள் பையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்துச்சு."

"மூணாம் நாளே தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அப்பாகிட்ட சொன்னேன். அப்பா வேண்டாம்னாரு. அவங்க ஆசையா செய்யறாங்க, வந்து ரெண்டு மாசம்கூட ஆகல, அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா யாரும்மா இருப்பாங்கன்னாரு." பாலாடையை மறுபடி ஓரத்துக்குத் தள்ளினாள். "அம்மா இங்க இருந்தப்போ அவங்ககிட்ட நான் எல்லாத்துக்கும் குறை சொல்லுவேன்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணும் சும்மா இருக்கல சித்தி," என்றாள், நான் அவளைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்து. "என் கர்ச்சீப்பால டீச்சரைத் துடைச்சு உங்க கூண்டுல போட்டு வச்சேன். ஆறு நாள் போட்டேன். நீங்க தினமும் அதையும் எடுத்துத் துவைச்சு, மடிச்சு, என் மேசை மேல வச்சிடுவீங்க. அப்புறம் விட்டுட்டேன்."

கர்ச்சீப் எனக்கு நினைவு இருந்தது. கூண்டுக்குள் கர்ச்சீப்பைத் தொலைக்கிற பெண் என்று செல்லமாகச் சலித்துக்கொண்டே நான்காக மடித்து வைத்திருக்கிறேன். என் கூண்டுக்காகத்தான் இந்தப் பெண் என்னைச் சேர்த்துக்கொண்டாள் என்று அத்தனை நாள் நினைத்திருந்தேன். இவளோ நான் போய்விடக் கூடாது என்பதற்காகத் தன் உயிரானதைப் பணயம் வைத்துவிட்டு, அன்று பாத்ரூமில் எனக்கு எதிரில் உட்கார்ந்து கதவுக்கு வெளியே நிற்கிற அப்பாவுக்கு "ஓகேப்பா" என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனிதர் வரட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று பார்த்துவிடுகிறேன் என்று ஒரு கணம் கொதித்தேன். அடுத்த கணமே அது முடியாது என்று புரிந்தது. நான் குரலை உயர்த்தினால் இவள் அறையிலிருந்து கேட்பாள். தான் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதால் வீட்டில் சண்டை வந்தது என்றுதான் முடிவு கட்டுவாள். அதற்குப் பிறகு இவளிடமிருந்து ஒரு சொல்கூட வராது. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"இங்க பாரு," என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "நான் எங்கேயும் போக மாட்டேன். நீ திட்டினாலும் போக மாட்டேன். சண்டை போட்டாலும் போக மாட்டேன். இப்போ என்னைத் திட்டு. டீச்சரைக் கொன்னுட்டியேன்னு கேளு."

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "பரவாயில்ல சித்தி. நீங்க வேணும்னு செய்யலையே."

"சரி, திட்ட வேண்டாம். வேற என்னெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்க? அதையாவது சொல்லு. எது பிடிக்கலைன்னாலும் சொல்லு. சமையலோ, நான் பேசுறதோ, எதுவா இருந்தாலும்."

உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியது, உதடு பிரிந்தது. ஏதோ ஒன்று அங்கே வரை வந்தது, எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன். சலவைக்கூடத்தில் எந்த மூட்டையைப் பிரித்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுகிறவள், ஒரு பன்னிரண்டு வயது முகத்துக்கு எதிரில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் உதடுகள் மூடிக்கொண்டன. சிரித்தாள், மரியாதையாக.

"ஒண்ணும் இல்ல சித்தி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பாலை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தாள். ஆடை அவளுக்குப் பிடிக்காது என்பது அவள் முகம் ஒரு நொடி கோணியதில் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஆடையோடுதான் கொடுத்திருக்கிறேன். பிறகு என்னுடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய், நான் துலக்குகிற மாதிரியே மூன்று தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, நான் வைக்கிற இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.